கோத்தகிரி ஏற்றத்துக்கு ஒரு சைக்கிள்

கோவை

அன்புள்ள கண்ணு,

உன் கடிதமும் மூன்று சைக்கிள்களின் படங்களும் கிடைத்தன. “அப்புச்சி, எதில் மோட்டார் பலம் அதிகமோ அதையே வாங்கிவிடலாம். லீவுக்கு வரும்போது விமானத்தில் கொண்டு வந்துவிடுகிறேன்” என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஆனால் நீ சொன்ன இரண்டுமே சரிப்பட்டு வராது.

விமானப் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் கொண்டுவர அனுமதி இல்லை. நீ அனுப்பிய மூன்றிலும் பேட்டரி அதைவிடப் பெரிது. சைக்கிளை இங்கே ஒரு கடைக்காரர் மூலம் வரவழைத்துக்கொள்கிறேன். உன்னிடம் கேட்பது வேறு உதவி. ஃப்ரைபுர்க்கில் கடைகளில் ஓட்டிப் பார்க்கத் தருகிறார்கள் என்றாயே, எனக்குப் பதிலாக நீ ஓட்டிப் பார்க்க வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். ஏறும் உயரம் ஏறக்குறைய 1,450 மீட்டர். நாற்பது வயதில் இரண்டரை மணி நேரத்துக்குள் ஏறிவிடுவேன். இப்போது 67. போன மார்கழியில் குஞ்சப்பனை தாண்டி ஒரு வளைவில் வேகம் 6 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. அந்த வேகத்தில் முன்சக்கரம் நேராகப் போகாது, இடமும் வலமுமாக அலையும். பின்னால் பஸ் ஹாரன் அடித்தபடி நெருங்குகிறது. நெஞ்சில் கட்டியிருந்த பட்டை இதயத்துடிப்பை 158 என்று காட்டியது. டாக்டர் எனக்குச் சொல்லியிருக்கும் வரம்பு 135. இறங்கி மதகுச் சுவரில் உட்கார்ந்தேன். ஹேண்டில்பாரை விட்ட பிறகும் விரல்கள் மடங்கியபடியே இருந்தன. காதுக்குள் துடிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அன்றைக்குத்தான் மோட்டார் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

உடம்பு ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்தும் உச்சத் திறன், முப்பதைத் தாண்டியபின் பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் குறைகிறது. விடாமல் ஓட்டுகிறவர்களுக்குக் கொஞ்சம் மெதுவாகக் குறையும், அவ்வளவுதான். எனக்குக் குறைந்திருப்பது எவ்வளவோ, அந்த அளவு உதவி கிடைத்தால் போதும்.

அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், நீயும் போட்டுப் பார். நானும் சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து 84 கிலோ. அதை 1,450 மீட்டர் உயர்த்த 330 வாட்-மணி வேண்டும். டயர் உராய்வையும் காற்றையும் சேர்த்தால் 380 என்று வை. மூன்று மணி நேரத்தில் ஏறுவதானால் சராசரி 127 வாட். துடிப்பு 135-ஐத் தாண்டாமல் என் காலால் 85 வாட் கொடுக்க முடியும். மீதி 42 வாட்டை மோட்டார் தந்தால் போதும். மூன்று மணி நேரத்துக்கு அது 126 வாட்-மணி. மோட்டாரில் கால் பங்கு வீணாகும் என்று வைத்தாலும், பேட்டரியிலிருந்து போவது 170-க்குள்தான். 250 வாட்-மணி பேட்டரி இருந்தால் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதும் மிச்சம் இருக்கும்.

இதனால்தான் உன் முதல் படத்தை ஒதுக்குகிறேன். பாஷ் மோட்டார், 85 நியூட்டன்-மீட்டர் முறுக்கு விசை. நல்ல மோட்டார்தான், ஆனால் அந்த சைக்கிள் 23 கிலோ. நம் வீட்டு மாடிப்படி 18 என்பது உனக்குத் தெரியும். தினமும் காலையில் இறக்கி, ஓட்டிக் களைத்தபின் மறுபடி தூக்கி ஏற்ற வேண்டும். 12 கிலோவைத் தோளில் மாட்டிக்கொள்வேன், 23 கிலோவை மாட்ட முடியாது. இன்னொன்று, ஜெர்மனியைப் போலவே இங்கும் மோட்டார் 25 கிலோமீட்டர் வேகத்தில் நின்றுவிட வேண்டும். 250 வாட்டுக்குள், அந்த வேகத்துக்குள் இருந்தால்தான் பதிவும் லைசென்ஸும் தேவைப்படாது. ஞாயிற்றுக்கிழமை அன்னூர் ரோட்டில் எங்கள் கூட்டம் போவது 28-இல். அதாவது சமதரையில் முழு நேரமும் மோட்டார் இல்லாமல்தான் ஓட்டப்போகிறேன். அப்போது அது நல்ல சைக்கிளாக இருக்க வேண்டும்.

மற்ற இரண்டும் இலகுவானவை. ஒன்றில் மாலே மோட்டார் பின்சக்கர ஹப்புக்குள் இருக்கிறது. எளிமையானது, சத்தம் குறைவு, செயினுக்குப் பாரம் இல்லை. ஆனால் பஞ்சரானால் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் சக்கரத்தை எடுக்க முடியும். செங்குத்தான ஏற்றத்தில் சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது ஹப் மோட்டார் திணறும், சூடாகும். இன்னொன்றில் டிக்யூ மோட்டார் பெடல் அச்சில் இருக்கிறது. எடை 2 கிலோவுக்கும் குறைவு, 50 நியூட்டன்-மீட்டர், பேட்டரி 360 வாட்-மணி. கியர் வழியாக வேலை செய்வதால் மலையில் மெதுவாகப் போனாலும் மோட்டார் தனக்கு ஏற்ற வேகத்தில் சுற்றும். செயினும் பல்சக்கரமும் சீக்கிரம் தேயும், அதை மாற்றிக்கொள்ளலாம். என் மனம் இதன் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் இரண்டிலுமே பேட்டரி சட்டத்துக்குள் புதைந்திருக்கிறது. கோவை வெயிலில் ஐந்தாறு வருஷத்தில் அது தளர்ந்தால் புதிது கிடைக்குமா, யார் மாற்றித் தருவார்கள் என்று கடைக்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்கப் போகிறேன்.

கியரை அவசியம் பார். முன்னால் 34 பல், பின்னால் குறைந்தது 34 பல். அப்போது 10 கிலோமீட்டர் வேகத்திலும் பெடல் நிமிடத்துக்கு 79 சுற்று சுற்றும். பின்னால் 28 மட்டும் இருந்தால் அது 65 ஆகிவிடும், முழங்கால்தான் அதற்கு விலை கொடுக்கும். பேட்டரி தீர்ந்துபோன நாளில் என்னை வீடு சேர்ப்பதும் அந்தச் சின்ன கியர்தான். 32 மில்லிமீட்டர் டயர் உள்ளே போகிறதா, டிஸ்க் பிரேக் இருக்கிறதா என்றும் பார். ஹேண்டில்பார் சீட்டை விட ரொம்பத் தாழ்ந்திருந்தால் வேண்டாம், என் கழுத்து தாங்காது.

ஓட்டும்போது மோட்டாரைக் குறைந்த அளவில் வைத்து ஒரு மேட்டில் ஏறு. லேசாக மிதித்தால் லேசாகவும், அழுத்தினால் கூடுதலாகவும் உதவி வர வேண்டும். கால் சுற்றினாலே குபுக்கென்று தள்ளினால் அது மிதிக்கும் விசையை அளக்கவில்லை. வளைவில் அப்படித் தள்ளினால் ஆபத்து. பிறகு மோட்டாரை முழுக்க அணைத்துவிட்டு 10 கிலோமீட்டர் ஓட்டு. பெடலில் இழுவை தெரிகிறதா, மிதிப்பதை நிறுத்தினால் தானாக உருண்டு போகிறதா என்று பார். கடைசியில் மேல் குழாயைப் பிடித்து ஒரு கையால் தூக்கி, அப்படியே இருபது எண்ணு. எத்தனையில் கை நடுங்கியது என்று எழுது.

158 விஷயத்தை அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்புச்சி