முயல்களுக்கு உண்டாகும் பார்வைக் குறைவு

பிள்ளைகளின் பிரியத்தை முன்னிட்டு முயல் வளர்க்கும் வீடுகள் பல உள்ளன. ஆடு மாடுகளின் நோயைக் கண்டவுடன் உணரக்கூடிய குடியானவர்களும், முயலின் கண் பழுதடைவதைப் பல வாரங்கள் வரை அறியாதிருந்து விடுவதுண்டு. இதற்குக் காரணம் கவனக் குறைவு மாத்திரமன்று. முயல் பிற பிராணிகளுக்கு இரையாகும் இனத்தைச் சேர்ந்தது. தன் ஊனத்தையும் வலியையும் வெளிக்காட்டாதிருப்பது அதன் சுபாவம். மேலும் தன் கூண்டின் மூலை முடுக்குகளை மீசை மயிராலும் மோப்பத்தாலும் செவியாலும் அது நன்கு அறிந்திருப்பதால், பார்வை முழுவதும் போன பின்னும் தடுமாறாமல் தீனித் தொட்டியை அடைந்து விடும். ஆகையால், முயல் ஒழுங்காய்த் தின்கின்றது என்பதைக் கொண்டு அதன் கண் நன்றாயிருக்கின்றது என்று தீர்மானித்தல் தவறு.

இயல்பான பார்வை

முயலின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் உயர அமைந்தவை. ஏறத்தாழ 360 டிகிரி அளவும் அதன் பார்வைக்குள் அடங்கும். ஆயினும் மூக்கிற்கு நேர் எதிரிலும் வாய்க்குக் கீழும் உள்ள சிறு இடம் அதற்குத் தெரியாது. கையில் நீட்டிய கீரையை அது முகர்ந்து தேடுவது இதனாலேயே. அது குருட்டுத்தன்மை ஆகாது. வெள்ளை உரோமமும் சிவந்த கண்களும் உடைய முயல்கள் தூரத்தை மதிப்பிடும் பொருட்டுத் தலையை இருபுறமும் மெல்ல அசைப்பதுண்டு. இதுவும் நோயன்று.

பரீட்சிக்கும் முறை

கண்ணெதிரே கையை வீசிப் பார்ப்பதால் பயனில்லை. காற்று மீசையில் பட்டவுடன் குருட்டு முயலும் முகத்தைத் திருப்பும். முயலை அமைதியான இடத்தில் விட்டு, ஒரு பக்கத்துக் கண்ணுக்குச் சற்றுத் தள்ளி, சிறிய பஞ்சுத் துணுக்கு ஒன்றை ஓசையின்றி மேலிருந்து விழ விட வேண்டும். பார்வையுள்ள முயல் பெரும்பாலும் அதனைக் கவனிக்கும். மறு பக்கத்தையும் அவ்வாறே சோதித்தல் வேண்டும். ஒருமுறை கவனியாவிடில் உடனே முடிவு கட்டாமல் மற்றொரு வேளையும் பரீட்சிக்க. பின்னர், முயல் நடமாடிப் பழகிய இடத்தில் ஒரு செங்கல்லைப் புதிதாக வைத்து, அதன் மீது முட்டிக் கொள்கின்றதா என்று பார்க்கலாம். தொட்டவுடன் திடுக்கிடுதல், சாதுவாயிருந்த பிராணி கடிக்க வருதல், புது இடத்தில் சுவரோரமாகவே நகருதல் ஆகியவையும் குறிகளாம்.

காரணங்கள்

1. கருவிழிப் புண்: காய்ந்த புல்லின் முனை குத்துவதாலும், மற்ற முயலின் நகம் படுவதாலும் உண்டாவது. கண்ணை இறுக மூடுதல், நீர் வடிதல், பூ விழுந்தாற்போல் வெளுத்தல் இதன் அடையாளங்கள்.

2. பல் கோளாறு: மேல் தாடைப் பற்களின் வேர்கள் கண்ணீர்க் குழாய்க்கு அருகில் உள்ளன. வேர் அளவுக்கு மீறி நீண்டால் குழாய் அடைபட்டுப் பால் போன்ற பீளை வடியும். அதனைக் கவனியாவிடில் கண்ணும் கெடும்.

3. நுண்கிருமி: என்செபலிட்டோசூன் குனிக்குலி என்னும் இக்கிருமியால் முயல்களுக்கு உண்டாகும் வியாதி 1922-ஆம் ஆண்டில் முதன்முதல் விவரிக்கப்பட்டது. கருவிலேயே குட்டியைப் பற்றும் இக்கிருமி கண்வில்லையைத் துளைத்து, இளம் முயலின் ஒரு கண்ணில் வெண்புரையையும் வீக்கத்தையும் உண்டாக்கும். தலை ஒரு பக்கம் சாய்தலும் பின்னங்கால் தளர்தலும் இக்கிருமியின் வேறு குறிகள்.

4. கண்ணழுத்தம்: நியூசிலாந்து வெள்ளை இனத்தில் பரம்பரையாக வருவது. 3 முதல் 6 மாத வயதில் கண் பெருத்து நீலம் பாய்ந்து காணும். தாயும் தந்தையும் குறையற்றவையாய்த் தோன்றினும் குட்டிகளுக்கு இது வரக்கூடும்.

செய்ய வேண்டியவை

கண்ணை மூடிக்கொண்டோ, சிவந்தோ, வீங்கியோ இருக்கும் முயலை அன்றைத் தினமே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலியால் தீனியை விட்ட முயலின் குடல் விரைவில் அசைவற்று நின்றுவிடும். பின் பிழைப்பது அரிது. போகும் வரையில், கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான துணியால் பீளையை மெல்லத் துடைத்தலே போதுமானது.

வீட்டில் மிஞ்சிய மருந்தை ஊற்றுதல் பெருந்தீங்கு. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து, புண்ணுள்ள கருவிழியை ஓட்டை விழச் செய்யும். பெனிசிலின் வகை மருந்துகளை வாய்வழியே புகட்டினால் குடல் கெட்டு முயல் இறந்து போகலாம். எருக்கம்பால், சுண்ணாம்பு போன்றவற்றைக் கண்ணருகே கொண்டு போகவும் கூடாது. நுண்கிருமி நோய்க்கு ஃபென்பெண்டசோல் என்னும் மருந்தைச் சாதாரணமாக 28 நாட்கள் கொடுப்பதுண்டு. அளவை மருத்துவரே நிர்ணயிக்க வேண்டும்.

பார்வையிழந்த முயலைப் பேணுதல்

வலி நீங்கிய பின், பார்வை திரும்பாவிடினும், முயல் சுகமாய் வாழக்கூடும். அதனைக் கழித்துவிட வேண்டியதில்லை. தீனி, தண்ணீர், படுக்கை ஆகியவற்றின் இடத்தை மாற்றலாகாது. தொடுமுன் குரல் கொடுத்து, கையை முகரச் செய்து, பின்பே தூக்க வேண்டும். திடீரென்று தூக்கினால் அது உதைத்துத் தன் முதுகெலும்பையே முறித்துக் கொள்ளும். கூரிய கம்பி முனைகளை மடக்கி விடுக. நாய், பூனை அணுகாதபடி பார்த்துக் கொள்க. இணங்கிப் பழகிய துணை முயலைப் பிரிக்க வேண்டாம்.

வருமுன் காத்தல்

மூத்திரம் தேங்கிய கூண்டில் எழும் அம்மோனியா வாயு கண்ணை அரிக்கும். ஆதலின் ஈரப் படுக்கையைத் தினந்தோறும் அகற்றுக. நுண்கிருமியும் மூத்திரத்தின் வழியே பரவுவதால், தீனித் தொட்டியை அது படாத உயரத்தில் அமைத்து, கொதிநீரால் கழுவுதல் நலம். உடல் வலிமை குன்றிய மனிதரையும் இக்கிருமி பற்றக் கூடும். முயலைத் தொட்டபின் கை கழுவுதலைப் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும். பல் தேய்வதற்குப் புல்லே முக்கிய ஆகாரமாயிருத்தல் அவசியம். கண்ணழுத்தம் கண்ட முயலையும், அதனை ஈன்ற ஜோடியையும் இனவிருத்திக்கு உபயோகித்தலாகாது.

வாரத்திற்கு ஒருமுறை பகல் வெளிச்சத்தில் இரு கண்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கத்தை மேற்கொண்டால், வலியுள்ள நோயை ஆரம்பத்திலேயே அறிந்து பல முயல்களின் கண்ணையும் உயிரையும் காக்கலாம்.