முதலில் பென்சில், அப்புறம் ஐபீஸ்

டெலஸ்கோப் வாங்கிய கையோடு வருகிற பிள்ளைகள் எல்லாருமே என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "ஐயா, இன்னும் பெருசாத் தெரியோணும்னா எந்த ஐபீஸ் வாங்கறதுங்க?" கொஞ்சம் பொறுங்கள், கண்ணு. கண் வைத்துப் பார்க்கிற வில்லையான ஐபீஸ் எது வேண்டும் என்பதற்கான பதிலை உங்கள் கையால் வரைந்த படங்களே சொல்லும். ஓமலூரோ, இராசிபுரமோ, திருச்செங்கோடோ, சேந்தமங்கலமோ, எந்த ஊராக இருந்தாலும் இந்த வரிசையில் போங்கள்.

1. தெற்கு வானத்துக்கு வழி விடுகிற இடமாகப் பாருங்கள். நாம் இருப்பது வடக்கு அட்சரேகை 11 பாகைக்கும் 12 பாகைக்கும் நடுவில். கையை நீட்டி முஷ்டியை மூடினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. துருவ நட்சத்திரம் வடக்கே ஒரு முஷ்டி உயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிடும். தெற்கே நமக்குப் பெரும் செல்வம் இருக்கிறது. மாசி முன்னிரவில் அகத்தியர் நட்சத்திரமான கனோபஸ் 26 பாகை உயரத்தில் நிற்கும். வைகாசியில் தெற்குச் சிலுவை 18 பாகை வரை ஏறும். அதற்குக் கிழக்கே, இன்னும் உயரத்தில், ஒமேகா சென்டாரி என்ற மாபெரும் நட்சத்திரக் கொத்து. வானியலர் எட்மண்ட் ஹாலி தென்வானத்தைக் குறித்துவைக்க செயின்ட் ஹெலினா தீவு வரை கப்பலேறிப் போய், 1677இல் பதிவு செய்த பொருள் அது. லண்டனில் அது உதிப்பதே கிடையாது. நம் வீட்டுக் களத்தில் 30 பாகை உயரத்தில் கிடைக்கிறது. நீங்கள் படிக்கிற நூல்களில் பாதி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உட்கார்ந்து எழுதியவை. "இது தாழ்வாக, மங்கலாகத் தெரியும்" என்று அவை சொல்கிற தென்வானப் பொருள்களை நம்பிப் பாருங்கள், நமக்கு நன்றாகத் தெரியும்.

சேலத்துக்குத் தெற்கே குடியிருப்பவர்களுக்கு இன்னொரு கொடுப்பினையும் உண்டு. மாநகர வெளிச்சம் முழுக்க அவர்களுக்கு வடக்கே போய்விடும்.

2. மொட்டை மாடியை விட மண் தரை நல்லது. பகலெல்லாம் வெயில் குடித்த காங்கிரீட் இரவு பத்து மணி வரைக்கும் அனல் விடும். அந்தக் காற்றின் வழியே பார்த்தால் வியாழனின் விளிம்பு கொதிப்பது போல ஆடும். தோட்டம், களம், கிணற்றடி எது கிடைத்தாலும் அங்கே வையுங்கள். மாடிதான் கதி என்றால் பொழுது சாயும்போதே தண்ணீர் ஊற்றித் தரையைக் குளிர விடுங்கள். டெலஸ்கோப்பையும் பார்ப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே வெளியில் எடுத்து வைத்துவிட வேண்டும், கண்ணாடி ஆறட்டும். தோட்டத்துக்குப் போகும்போது செருப்பும் டார்ச்சும் இல்லாமல் போகவே கூடாது.

நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று. முட்டைக் கோழிகளுக்கு நாளுக்கு 16 மணி நேரம் வரை வெளிச்சம் கொடுப்பார்கள். அதனால் பண்ணை விளக்கு முன்னிரவிலோ விடியற்காலையிலோ எரியும். பக்கத்துப் பண்ணையில் எந்நேரம் அணைப்பார்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டால் உங்களுக்கான நேரம் தெரிந்துவிடும். மாடியில் டெலஸ்கோப்போடு நின்றால் அடுத்த வீட்டாருக்குச் சங்கடமாகவும் இருக்கும். முதல் நாளே கூப்பிட்டு நிலாவைக் காட்டிவிடுங்கள்.

3. கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும், கைபேசித் திரையை ஒரு தடவை பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாகச் சுற்றிக்கொள்ளுங்கள்.

4. நட்சத்திரங்களின் பெயர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பஞ்சாங்கத்தில் படிக்கிற கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை, மகம், சித்திரை, சுவாதி, கேட்டை, மூலம் எல்லாம் வானத்தில் நிஜமாகவே இருப்பவை. இவற்றை வெறும் கண்ணால் அடையாளம் காணத் தெரிந்த பிறகு டெலஸ்கோப்பைத் திருப்புங்கள். பாட்டியைக் கேளுங்கள், கார்த்திகையாகிய அறுமீன் எது என்று அவர் காட்டிவிடுவார்.

5. வரைவதற்கு ஓவியக் கை வேண்டும் என்ற பயத்தை விடுங்கள். கோடில்லாத வெள்ளைத்தாள் நோட்டு, எச்.பி., 2பி பென்சில் இரண்டு, ரப்பர், பரீட்சை அட்டை, இவ்வளவுதான். தாளில் ஒரு வளையலையோ எவர்சில்வர் டம்ளரையோ கவிழ்த்து வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். அந்த வட்டம்தான் ஐபீஸில் தெரிகிற பரப்பு. வட்டத்துக்குக் கீழே தேதி, நேரம், இடம், எந்த ஐபீஸ், காற்று நிதானமாக இருந்ததா, வானம் தெளிவா மங்கலா, எல்லாம் எழுதுங்கள். ஐபீஸ் எது என்பதை மட்டும் ஒருநாளும் விட்டுவிடாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

6. முதல் படத்துக்குத் தை மாதத்து ஒளிமுகில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓரியனின் இடைவார் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே தொங்கும் வாளின் நடுவில் எம்42 இருக்கிறது. நம் ஊரில் அது உச்சிக்கு அருகே ஏறிவிடும், ஆதலால் காற்றின் தொல்லை குறைவு.

ஐபீஸில் கண் வைத்ததும் பென்சிலை எடுக்காதீர்கள். ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். நடுவில் நான்கு நட்சத்திரங்கள் நெருக்கமாக ஒரு சிறு சரிவகம் போல நிற்கும். வட்டத்தின் நடுவில் அந்த நான்கையும் முதலில் வையுங்கள். பிறகு விளிம்பை ஒட்டி இருக்கிற பிரகாசமான இரண்டு மூன்று நட்சத்திரங்களை, நடுவிலிருந்து என்ன திசை, வட்டத்தின் ஆரத்தில் எத்தனை பங்கு தூரம் என்று மனதில் அளந்து குறியுங்கள். மீதி நட்சத்திரங்களை முக்கோணம் முக்கோணமாகப் பிணைத்துக்கொண்டே போகலாம். பிரகாசமானவற்றுக்குப் புள்ளியைக் கொஞ்சம் அழுத்தினால் போதும்.

நட்சத்திரங்கள் இடம் பிடித்த பிறகுதான் முகில். 2பி பென்சிலின் கரித்தூளைத் தனித்தாளில் தேய்த்து, விரல் நுனியில் தொட்டு மெல்லப் பூசுங்கள். நாலு நட்சத்திரக் கூட்டத்தை நோக்கி இருட்டு ஒரு வாய் போல உள்ளே நுழைவது தெரியும். அந்த இடத்தை ரப்பர் முனையால் துடைத்து எடுங்கள். தாளில் கறுப்பாக இருப்பது வானத்தில் ஒளி, இதற்குக் கை ஓரிரு படங்களில் பழகிவிடும். பிறகு பார்வையை முகிலின் மேல் வைக்காமல் சற்றுப் பக்கத்தில் வைத்து ஓரக்கண்ணால் கவனியுங்கள். இரண்டு பக்கமும் சிறகு போல வளைந்து போகிற மங்கலான ஒளி அப்போதுதான் வெளிப்படும். முதலில் நாலு நட்சத்திரமும் ஒரு திட்டும் மட்டுமே பார்த்த கண், அரை மணி நேரத்தில் இத்தனையைப் பார்த்துவிடுகிறது. வரையாதவர்களுக்கு இந்தக் கண் வருவதில்லை என்பதை உறுதியாகச் சொல்வேன்.

7. படத்தில் திசை குறியுங்கள். டெலஸ்கோப்பைத் தொடாமல் விட்டால் நட்சத்திரம் நகர்ந்து வெளியேறும் பக்கம் மேற்கு. அங்கே 'மே' என்று எழுதிவிடுங்கள். குழியாடி வைத்த நியூட்டன் வகையில் மேற்கிலிருந்து கடிகார முள்ளுக்கு எதிராகக் கால் வட்டம் போனால் வடக்கு. கண்ணாடி முழங்கை மாட்டிய லென்ஸ் டெலஸ்கோப்பில் படம் இடவலம் மாறித் தெரியும், அதில் கடிகார முள் போகிற வழியே போக வேண்டும்.

8. கண்ணால் கண்டதை மட்டும் வரையுங்கள். இணையத்தில் பார்த்த வண்ணப்படத்தின் நினைவில் ஒரு கோடு கூட இழுக்காதீர்கள். 1610இல் கலிலியோ சனியை மூன்று உருண்டைகளாக வரைந்தார், அவருடைய கருவியில் அப்படித்தான் தெரிந்தது. அது வளையம் என்று ஹைகன்ஸ் என்ற வானியலர் 1659இல் எழுதினார். கலிலியோவின் படம் நேர்மையானது என்பதால்தான் இன்றும் பயன்படுகிறது.

நம் பக்கத்துச் சான்றும் இருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகம் இருக்கிறதே, அங்கே 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போவதை ஒரு மீட்டர் தொலைநோக்கியில் கவனித்தார்கள். நட்சத்திரத்தின் ஒளி எதிர்பாராமல் ஒரு கணம் குன்றியது. அது புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று அப்போது எண்ணினார்கள். பிறகு யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று தெளிவானது, காவலூர்ப் பதிவும் அதோடு பொருந்தியது. விளக்கம் மாறலாம், பதிவு மாறாமல் நின்றது. கொடைக்கானலில் 1904ஆம் ஆண்டு தொடங்கி, அன்றன்றைய சூரியப் படத்தைப் பார்த்துக் கரும்புள்ளிகளையும் பிழம்புகளையும் கையாலேயே தாளில் வரைந்து வந்திருக்கிறார்கள். கேமரா வைத்திருந்தவர்களே பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

9. இப்போது ஐபீஸ் கணக்கு. டெலஸ்கோப்பின் குவியத் தொலைவை ஐபீஸின் குவியத் தொலைவால் வகுத்தால் உருப்பெருக்கம். 150 மி.மீ. விட்டம், 1200 மி.மீ. குவியத் தொலைவு உள்ள ஆறு அங்குல டாப்சோனியனை, அதாவது எளிய தாங்கியில் கையால் திருப்புகிற நியூட்டன் வகையை, வைத்துக்கொள்வோம். கூட வருகிற 25 மி.மீ. ஐபீஸில் 48 மடங்கு, 10 மி.மீ. ஐபீஸில் 120 மடங்கு. விட்டத்தின் மி.மீ. அளவைப் போல இரண்டு மடங்குதான் எந்தக் கருவிக்கும் உச்ச வரம்பு, இதற்கு 300. நம் சமவெளிக் காற்றில் 200ஐத் தாண்டிப் பயன்படுகிற இரவுகள் குறைவு. மலிவுப் பெட்டிகளின் மேல் 675 மடங்கு என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். உருப்பெருக்கம் கூடக் கூட, அதே ஒளி பெரிய பரப்பில் பரவி மங்கிப்போகும். ஒரு சொம்பு மோரில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகுமோ அதுதான்.

வரைகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு, அதைப் பலரும் சொல்வதில்லை. வானம் ஒரு பாகை நகர நான்கு நிமிடம் ஆகும். சாதாரண பிளாசல் ஐபீஸின் பார்வைக் கோணம் 52 பாகை வரை. அதை 48ஆல் வகுத்தால் வானத்தில் ஒரு பாகைக்குச் சற்று அதிகம், அதாவது இரண்டு முழு நிலவின் அகலம். ஒரு பொருள் அதைக் கடக்க நான்கு நிமிடத்துக்கு மேல் எடுக்கும். 120 மடங்கிலோ இரண்டு நிமிடம் கூடக் கிடைக்காது. நீங்கள் குனிந்து தாளில் நாலு புள்ளி வைப்பதற்குள் பொருள் ஓடிவிடும். மோட்டார் இல்லாத டாப்சோனியனில் வரைகிறவர்கள் 68 பாகை போன்ற அகலப் பார்வை ஐபீஸுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்யலாம் என்று நான் சொல்வது ஆடம்பரத்துக்காக அல்ல, இந்த நேரத்துக்காக.

10. ஒரு தை மாதத்திலிருந்து ஒரு வைகாசி வரைக்கும் கையில் இருக்கிற இரண்டு ஐபீஸை வைத்தே வரையுங்கள். அப்புறம் நோட்டைப் புரட்டுங்கள். நட்சத்திரக் கொத்துகள் வட்டத்தை மீறி வெளியே வழிகிறதா? 32 மி.மீ. போல அகலமாகக் காட்டும் ஐபீஸ் உங்களுக்கு வேண்டும். வியாழன் பக்கத்தில் பட்டைகள் இரண்டுக்கு மேல் ஏறவே இல்லையா, ஆல்பா சென்டாரி 48 மடங்கில் இரண்டாகப் பிரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களா? உயர்ந்த உருப்பெருக்கம் தேவைப்படுகிறது. "120இல் மங்கிப்போச்சு, 48இல் சின்னதாயிருக்கு" என்ற குறிப்பு திரும்பத் திரும்ப வருகிறதா? பெரும்பாலும் இதுதான் வரும். அப்படியானால் நடுவில் 16 மி.மீ. ஒன்று வாங்குங்கள், 75 மடங்கு கிடைக்கும். அதோடு உருப்பெருக்கத்தை இரட்டிப்பாக்கும் தரமான பார்லோ லென்ஸ் சேர்த்தால் 150 மடங்கும் கைக்கு வந்துவிடும். நாலு ஐபீஸ் பெட்டியாக வாங்குவதை விட இந்த இரண்டு பொருள் நெடுநாள் உழைக்கும் என்பது என் கருத்து.

குவியத் தொலைவு விட்டத்தைப் போல ஐந்து மடங்கே உள்ள குட்டைக் குழாய் டெலஸ்கோப் என்றால், மலிவான அகலப் பார்வை ஐபீஸில் ஓரத்து நட்சத்திரங்கள் சிறகு முளைத்தது போல இழுபடும். வாங்குமுன் யாருடையதையாவது மாட்டிப் பாருங்கள். எட்டு மடங்கு நீளமுள்ள குழாயில் அந்தத் தொந்தரவு குறைவு.

11. கண்ணாடி போடுகிறவர்கள் கவனியுங்கள். கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸைத் திருப்பினால் சரியாகிவிடும். சிலிண்டர் பவர் கணிசமாக இருந்தால் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். 10 மி.மீ. பிளாசலில் கண்ணை ஏறக்குறைய 7 மி.மீ. நெருக்கத்தில் வைக்க வேண்டியிருக்கும், கண்ணாடி இடிக்கும். 15 மி.மீ.க்குக் குறையாமல் கண்ணுக்கு இடைவெளி தருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் படிக்கிற கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டால், தாளைப் பார்க்கவும் ஐபீஸைப் பார்க்கவும் கை தடுமாறாது.

12. சில பெட்டிகளில் ஐபீஸில் திருகுகிற 'சன்' என்று எழுதிய கறுப்புக் கண்ணாடி ஒன்று வரும். அதை இன்றே உடைத்துப் போடுங்கள். குவிந்த வெயிலின் சூட்டில் அது எந்த நொடியிலும் விரிசல் விடும், கண் போய்விடும். சூரியனைப் பார்க்கிற வடிகட்டி குழாயின் முன்வாயில்தான் இருக்க வேண்டும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் பகலில் டெலஸ்கோப்பை மூடியோடு உள்ளே வையுங்கள்.

13. புரட்டாசி முதல் கார்த்திகை வரை மேகமும் ஈரமும் இருக்கும், அந்தக் காலத்தில் ஐபீஸ்களில் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுகுகிற டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு வையுங்கள், பீரோவின் துணிகளுக்கு நடுவில் வேண்டாம். லென்ஸைத் துண்டால் துடைக்கக் கூடாது. தூசியை ரப்பர் ஊதுகுழலால் ஊதினாலே போதும். மழை விட்ட இடைவெளிகளில் வானம் கழுவிவிட்டது போல் இருக்கும், அந்த இரவுகளை விட்டுவிடாதீர்கள். கடைசியாக, நெடுநாள் வேலை ஒன்று. 2025 மார்ச்சில் சனியின் வளையம் நமக்கு விளிம்பு காட்டி நின்றது. அதிலிருந்து ஆண்டுக்கு ஆண்டு விரிந்துகொண்டே போய் 2032இல் முழுதாகத் திறக்கும். நோட்டில் சனிக்கென்று ஒரு பக்கத்தை ஒதுக்கி, வருடம் ஒரு வட்டமாக, ஒரே ஐபீஸில் வரைந்து வாருங்கள்.