விமானி ஆசைக்கு எந்தப் படிப்பு?

எங்கள் குடியிருப்பில் ஒரு பையன் பத்தாவது முடித்த கையோடு டிப்ளமாவில் சேர்ந்தான். இப்போது கடைசி வருஷம். திடீரென்று, "விமானப் படையில் விமானியாக வேண்டும்" என்கிறான். அவன் தாத்தா 1965 யுத்த காலத்தில் விமானப் படையில் பறந்தவர். "அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஒரு சலுகையும் இல்லையா, சார்?" என்று கேட்டார் அவனுடைய தாயார்.

இல்லை. அந்த 1965 செப்டம்பரில்தான் டென்ஸில் கீலர், டிரெவர் கீலர் என்ற லக்னோ சகோதரர்கள் ஆளுக்கொரு 'நாட்' விமானத்தில் பறந்து, பாகிஸ்தானின் 'சேபர்' விமானங்களை வீழ்த்தியதற்காக வீர் சக்ரா பெற்றார்கள். தம்பி டிரெவர் 3-ம் தேதி முந்திக்கொண்டார். அண்ணன் 19-ம் தேதி. ஒரே வீட்டில் இரண்டு பதக்கம்! ஆனாலும் இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கும் தேர்வில் தனி மதிப்பெண் கிடையாது.

பள்ளிப் படிப்போடு போகிறவர்களுக்கு வழி, புனேக்கு அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசிய பாதுகாப்பு அகாடமி. விமானப் படைப் பிரிவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும். பதினொன்றாவதில் காமர்ஸ் எடுத்துவிட்டால் அந்தக் கதவு அப்போதே சாத்தியாயிற்று. எழுத்துத் தேர்வில் கணிதம் மட்டும் 300 மதிப்பெண், பொதுத் திறன் 600. நேர்முகத் தேர்வுக்கு இன்னொரு 900. வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வரும். வடக்கே படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அது ஒரு பாரமில்லை. 2022 முதல் பெண்களும் சேர்கிறார்கள்.

விமானிக்குரிய கணினித் தேர்வுதான் பலர் அறியாதது. ஆயுளில் ஒரே முறைதான்; தவறினால் மறுபடி எழுத முடியாது. நிறம் பிரித்தறியும் பார்வையும் தேவை. ரயில் டிரைவருக்கும் அப்படித்தான். சிவப்பும் பச்சையும் குழம்பினால் நாங்களே எஞ்சினில் ஏற்ற மாட்டோம்.

டிப்ளமா மட்டும் உள்ளவருக்கு, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், விமானி ஆசனம் இல்லை. ஆனால் பொறியியல் பட்டம் பெற்றால் யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். தேர்வு எழுதி, ஹைதராபாத் அருகே துண்டிகல் விமானப்படை அகாடமிக்குப் போகலாம். வயது 20-க்கும் 24-க்கும் இடையில் இருக்க வேண்டும்.

பையனுக்கு வயது பதினெட்டு. பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேரடியாகச் சேர்ந்தால் இருபத்தொன்றில் முடித்துவிடுவான். விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டான். கணிதம் மட்டும் என்னிடம் மாலையில் படிக்கிறான்.