நகலாகாத 256 கோப்புகள்

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் இரவு பேக்கப் என் பொறுப்பு. ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் இன்னொன்றை அழைக்கும். அழைக்கப்பட்டது கோப்புகளை நகலெடுத்துவிட்டு, நகலாகாதவை எத்தனை என்ற எண்ணை எக்ஸிட் மதிப்பாகத் திருப்பித் தரும். பூஜ்யம் வந்தால் எல்லாம் சரி. பல மாதம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் காலை லாக்கில் 'வெற்றி' என்று இருந்தது. பேக்கப்பில் 256 கோப்புகளைக் காணோம்.

எக்ஸிட் மதிப்புக்கு உள்ள இடம் எட்டு பிட். 0 முதல் 255 வரைதான் கொள்ளும். 256 கொடுத்தால் சுற்றி வந்து 0 ஆகிவிடும். ஒரு கோப்பு கூடியிருந்தாலோ குறைந்திருந்தாலோ தவறு அன்றே மாட்டியிருக்கும்.

ஆகவே எக்ஸிட் எண்ணிடம் 'வேலை முடிந்ததா, இல்லையா' என்பதை மட்டும் கேளுங்கள். தோல்வி வகைகளைப் பிரிக்க 1, 2, 3 போதும். மேலே உள்ள சில எண்களுக்கு ஏற்கெனவே பொருள் உண்டு: 127 என்றால் கட்டளையே கிடைக்கவில்லை, 126 என்றால் கிடைத்தும் இயக்க முடியவில்லை. சிக்னலால் இறந்த புராசஸுக்கு 128உடன் சிக்னல் எண் சேர்ந்து வரும். நேர்காணல் எடுக்கும்போது 137 என்றால் என்னவென்று நான் கேட்பதுண்டு. 128உம் 9உம் என்று பிரித்து, நினைவகம் தீர்ந்து கெர்னல் கொன்றிருக்கலாம் என்பதுவரை சொல்பவரை நம்பி இரவுப் பணியில் விடலாம்.

எண்ணிக்கை, கோப்பின் பெயர், தேதி எதுவானாலும் மேலே போக வேண்டுமென்றால் அச்சிடுங்கள். அழைக்கும் ஸ்கிரிப்ட் அதை $( ) அடைப்புக்குள் பிடித்து ஒரு வேரியபிளில் வைத்துக்கொள்ளும். இதில் கட்டுப்பாடு முக்கியம். விடை மட்டுமே வழக்கமான வெளியீட்டில் வரவேண்டும்; 'பேக்கப் தொடங்குகிறது' போன்ற செய்திகளை >&2 போட்டுப் பிழை வெளியீட்டுக்குத் தள்ளுங்கள். தள்ளாவிட்டால் அந்த வாக்கியமும் எண்ணோடு சேர்ந்து வேரியபிளுக்குள் உட்கார்ந்துகொள்ளும்.

முந்தைய கட்டளையின் எக்ஸிட் மதிப்பைத் தாங்கும் $? என்பதை உடனே எடுத்து வையுங்கள். அடுத்த கட்டளை ஓடியதும் அது மாறிவிடும். ஃபங்ஷனுக்குள் 'லோக்கல்' என்று அறிவிக்கும் அதே வரியில் $( ) எழுதினால், கிடைப்பது லோக்கல் கட்டளையின் வெற்றி, உள்ளே ஓடியதன் தோல்வி மறைந்துபோகும். அறிவிப்பு ஒரு வரி, மதிப்பு அடுத்த வரி என்று பிரித்துவிடுங்கள்.

புதிதாக வருபவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது வேறொன்று: "சேய் ஸ்கிரிப்டில் எக்ஸ்போர்ட் செய்தேன், தாய் ஸ்கிரிப்டில் ஏன் காலியாக இருக்கிறது?" வீட்டில் எழுதிய மளிகைச் சீட்டைப் பிரதி எடுத்துப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புகிறோம். கடையில் அவன் எதை அடித்துத் திருத்தினாலும் வீட்டிலுள்ள சீட்டு மாறுமா? யூனிக்ஸில் சேய் புராசஸுக்குக் கிடைப்பதும் பிரதிதான். எக்ஸ்போர்ட் கீழ்நோக்கி மட்டுமே போகும். பாஷில் பைப்புக்குப் பின்னால் வைல் லூப் போட்டு எண்ணினால், லூப் முடிந்ததும் எண்ணிக்கை பூஜ்யமாக நிற்பதற்கும் இதுவே காரணம். அந்த லூப் ஒரு சப்ஷெல்லில் ஓடுகிறது. பைப்பை விட்டுவிட்டு, லூப்பின் முடிவில் < போட்டுக் கோப்பைக் கொடுங்கள்.

ஒரே சீட்டில் இருவரும் எழுத வேண்டுமானால் 'சோர்ஸ்' இருக்கிறது. அழைத்த ஷெல்லுக்குள்ளேயே அந்தக் கோப்பு ஓடும். அமைப்பு மதிப்புகளை ஒரே இடத்தில் வைக்க இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் அதற்குள் 'எக்ஸிட்' இருந்தால் அழைத்தவரும் சேர்ந்து முடிந்துபோவார். அங்கே 'ரிட்டர்ன்' எழுதுங்கள். அந்தக் கோப்பில் யாரெல்லாம் எழுத முடியும் என்பதையும் பாருங்கள், அதிலுள்ள எந்தக் கட்டளையும் உங்கள் அதிகாரத்தில்தான் ஓடும். சூழல் வேரியபிளையும் கண்ணை மூடி நம்பாதீர்கள். 2014இல் வெளிவந்த ஷெல்ஷாக் ஓட்டை, பாஷ் அப்படி வந்த மதிப்பை ஃபங்ஷன் என்று படித்து, அதன் வாலில் ஒட்டியிருந்த கட்டளையையும் ஓட்டியதால் வந்தது.

பேக்கப் ஸ்கிரிப்டைத் திருத்தி எழுதினேன். இப்போது அது எண்ணிக்கையை அச்சிடுகிறது; ஒரு கோப்பு விடுபட்டாலும் எக்ஸிட் 1. தொடக்கத்தில் மூன்று வரிக் குறிப்பு: எதை வாங்குகிறது, எதை அச்சிடுகிறது, எந்த எண்ணோடு முடிகிறது. இரவு இரண்டு மணிக்கு அலாரம் கேட்டு எழுந்திருப்பவர் முதலில் படிப்பது அதைத்தான்.