பயிர் அழிந்தால் ஒப்பந்தம் என்னாகும்?

சிங்காநல்லூர் உழவர் சந்தையில் அன்றாடம் காய்கறி விற்கும் விவசாயிக்கு ஒப்பந்தம் தேவையில்லை. ஆனால், விளையும் முன்பே விலை பேசி முன்பணம் வாங்குவோர், வெள்ளத்திலோ நோயிலோ பயிர் அழிந்தால் யார் பொறுப்பு என்பதை அறிந்திருத்தல் அவசியம்.

1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56-வது பிரிவின்படி, தம் சக்திக்கு மீறிய நிகழ்ச்சியால் நிறைவேற்றவே இயலாமற் போன ஒப்பந்தம் செல்லாததாகிவிடும். நஷ்டஈடு தர வேண்டியதில்லை. ஆயினும் 65-வது பிரிவின்படி, வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டும். விலை ஏறிவிட்டது, கூலி கட்டவில்லை என்பவை இதில் சேரா. நிலக்கரி விலையேற்றத்தைக் காட்டி மின் நிறுவனங்கள் விலக்குக் கோரியபோது, 2017-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

இங்கிலாந்தில் 1872-ல் ஒரு விவசாயி, தம் குறிப்பிட்ட நிலத்தில் விளையும் உருளைக்கிழங்கில் 200 டன் தர ஒப்புக்கொண்டார். நோய் தாக்கியதால் சுமார் 80 டன்தான் தர முடிந்தது. மீதிக்கு அவர் பொறுப்பல்ல என்று 1876-ல் மேல்முறையீட்டில் தீர்ப்பாயிற்று. நிலத்தைக் குறிப்பிட்டிருந்ததே அவரைக் காத்தது. வெறுமனே '200 டன்' என்றிருந்தால், வெளியில் வாங்கியாவது கொடுக்க நேர்ந்திருக்கும்.

ஆகவே, கையெழுத்திடுமுன் கவனிக்க வேண்டியவை:

1. நிலத்தின் சர்வே எண், பரப்பு குறிப்பிடப்பட வேண்டும்.

2. வறட்சி, வெள்ளம், சூறைக்காற்று, பூச்சி, நோய் ஆகியவற்றைப் பெயர் சொல்லி எழுத வேண்டும்.

3. சேதத்தை எத்தனை நாளில், யாருக்கு எழுத்துமூலம் தெரிவிப்பது என்பது வேண்டும்.

4. முன்பணமும், கொடுத்த விதை, உரத்தின் விலையும் யார் தலையில் விழும் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும்.