வீட்டுக்கு ஒரு சின்ன அம்ப்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மட்டக்களப்பில் கிற்றாருக்குப் பஞ்சமில்லை. பறங்கியர் கல்யாண வீடுகளில் வயலினோடு சேர்ந்து கபிரிஞ்ஞா ஆட்டத்தை நடத்துவது அதுதான். தேவாலயப் பாடகர் குழுவிலும் பாடசாலை இசைக்குழுவிலும் அது உண்டு. இங்கெல்லாம் பெரும்பாலும் வேண்டியது உறுமும் ரொக் சத்தம் அல்ல, ஆறு தந்தியும் தனித்தனியாகக் கேட்கும் கிளீன் டோன். அந்த டோனை, பக்கத்து வீட்டாரின் நித்திரையைக் கெடுக்காமல் வீட்டுக்குள்ளேயே எடுக்க ஒரு சின்ன அம்ப் வாங்கப் போனால், ஆலோசனை சொல்ல ஆட்கள் நிறையப் பேர். ஆனால் அவர்கள் சொல்வதில் பல மேடைக்குச் சரி, வீட்டுக்குச் சரிவராது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1947இல் வெளிவந்த யாழ் நூலில் நரம்பின் ஒலியைக் கணக்குப் போட்டே ஆராய்ந்தார். அம்ப் பற்றிய பேச்சுக்களையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நம்பிக்கை: வாட் கூடக்கூட நல்லது.

உண்மை: கிற்றார் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 1 வாட் கொடுத்தாலே, ஒரு மீற்றர் தூரத்தில் சுமார் 90 டெசிபெலோ அதற்கு மேலோ வரும். இரவில் அப்படி வாசித்தால் ஒழுங்கையே எழும்பிவிடும். 20 வாட்டை 40 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபெல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப் படவேண்டுமானால் வாட் பத்து மடங்காக வேண்டும்.

அப்படியானால் 1 வாட் அம்ப் போதாதா? கிளீன் டோனுக்குப் போதாது. கபிரிஞ்ஞாவின் ஆறு-எட்டுத் தாளத்துக்குக் கையை வெட்டி அடிக்கும்போது, அடி விழும் கணத்துக்குச் சராசரியைப் போலப் பத்து மடங்கு சக்திகூடத் தேவைப்படலாம். அதைக் கொடுக்க முடியாத அம்பில் சத்தம் உடையும். அந்தக் கணங்களுக்கும் இடம் விட்டுக் கணக்குப் போட்டால், வீட்டுக்கு 10 முதல் 30 வாட் வரையான ட்ரான்சிஸ்டர் அம்ப் தாராளம்.

நம்பிக்கை: நல்ல டோன் வேண்டுமென்றால் வால்வ் அம்ப்தான்.

உண்மை: கிளீன் டோனுக்கு உலகமே உதாரணம் காட்டும் ரோலண்ட் ஜாஸ் கோரஸ் 120 அம்பில் ஒரு வால்வ்கூட இல்லை. 1975இல் வந்த அந்த ட்ரான்சிஸ்டர் அம்பில் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள். அதே குடும்பத்தில் வீட்டளவுக்கு வந்தது ஜேசி-22: 30 வாட், இரண்டு 6.5 அங்குல ஸ்பீக்கர்கள்.

வால்வின் பெருமை சத்தம் உடையும்போதுதான் தெரியும். அளவுக்கு மீறி உள்ளே தள்ளினால் வால்வ் மெல்ல மழுங்கும், ட்ரான்சிஸ்டர் சட்டென வெட்டும். உடையவே விடாமல் வாசிப்பவருக்கு அந்த வித்தியாசத்தால் பெரிய இலாபமில்லை. 5 வாட் அளவில் வந்த பழைய ஃபென்டர் சாம்ப் போன்ற வால்வ் அம்புகள், கொஞ்சம் கூட்டியதுமே உடையத் தொடங்கும். புளூஸ் வாசிப்பவர் தேடுவதே அதைத்தான். கிளீன் வேண்டியவருக்கு அது தலையிடி. வால்வ் தேயும் சாமான் என்பதையும், மாற்று வால்வ் ஊர்க் கடையில் கிடைக்குமா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: ஹோம் தியேட்டரில் குத்தினாலே போதும்.

உண்மை: எலக்ட்ரிக் கிற்றாரின் பிக்கப்புக்கு 1 மெகாஓம் அளவு எதிர்ப்புள்ள உள்ளீடு வேண்டும். பாட்டுப் பெட்டியின் ஓக்ஸ் துளையில் இருப்பது சில பத்தாயிரம் ஓம்தான். அதில் குத்தினால் மேல் சுரங்களின் துலக்கம் போய்ச் சத்தம் மங்கும். ஆனால் பிக்கப்பும் ப்ரீஅம்பும் உள்ளேயே பொருத்திய அக்கூஸ்டிக் கிற்றார் என்றால் கதை வேறு. கிற்றார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேல் உள்ளதைப் பெரும்பாலும் விட்டுவிடும். எலக்ட்ரிக் கிற்றாருக்கு அது நல்லது, அக்கூஸ்டிக்கின் மினுக்கம் அதில் போய்விடும். அதற்கு அக்கூஸ்டிக் அம்ப்தான் பொருத்தம். கையில் இருக்கும் பாட்டுப் பெட்டிகூடப் பரவாயில்லை.

நம்பிக்கை: கனடாவிலிருந்து வந்த அம்புக்குப் பிளக்கை மாற்றினால் சரி.

உண்மை: அங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ், இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினால் அம்ப் எரியும். முதலில் பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள். 100-240 என்று இருந்தால் பயமில்லை. 120 மட்டும் என்றால் வோல்ட்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும். அதுவும் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. ஸ்டிக்கரில் 50/60 என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 60 மட்டும் என்றால் அம்பின் உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் இங்கே கூடுதலாகச் சூடேறும். சுவிஸிலோ லண்டனிலோ அங்குள்ள கரண்டுக்கென்று வாங்கியதற்கு இந்தத் தொல்லை இல்லை.

நம்பிக்கை: இரைச்சல் வந்தால் அம்ப் பழுது.

உண்மை: சிங்கிள் கொயில் பிக்கப் வீட்டுக் கரண்டின் 50 ஹேர்ட்ஸ் முனகலை இழுத்துக்கொள்ளும். கிற்றாரோடு கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து பாருங்கள், சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். முனகல் மாறினால் அம்பில் குற்றமில்லை. அதை நிறுத்த எர்த் பின்னை வெட்டிவிடுவது சிலர் சொல்லும் வைத்தியம். ஒருபோதும் செய்யாதீர்கள், உயிரைக் காப்பது அந்தப் பின்தான். தந்தியைத் தொடும்போது சுள்ளென்றால் உடனே சுவிட்சை நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

குமிழைத் திருகும்போது வரும் கரகரப்பு வேறு. வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் கல்லடிப் பக்கம் போன்ற இடங்களில் உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும். கொன்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் தீரும். அம்பைப் பொலித்தீனால் இறுக்கிச் சுற்றினால் ஈரம் உள்ளேயே தங்கும். துணி உறை போதும்.

நம்பிக்கை: கடையில் நன்றாகக் கேட்டது வீட்டிலும் அப்படியே கேட்கும்.

உண்மை: சத்தம் குறையக் குறைய நமது காது அடிச் சுரங்களைக் கூடுதலாக இழக்கிறது. பிளெச்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இதை 1933லேயே அளந்து காட்டினார்கள். கடையில் உரக்கக் கேட்டு மயங்கிய அம்ப், வீட்டில் மெல்ல வைத்தால் சோகை பிடித்ததுபோல் கேட்பது இதனால்தான். பேஸைக் கொஞ்சம் கூட்டினால் சரியாகும். மேல் சுரங்கள் ஸ்பீக்கருக்கு நேர் எதிரேதான் பாயும். நிலத்தில் வைத்த அம்பின் துலக்கமெல்லாம் கணுக்காலுக்குப் போகும். கதிரையில் ஏற்றுங்கள், அல்லது முகத்தைப் பார்க்கச் சாய்த்து வையுங்கள்.

ஆகவே வாங்கப் போகும்போது உங்கள் கிற்றாரையே கொண்டுபோங்கள். கெயினைக் குறைத்து மாஸ்டரைக் கூட்டி, பேச்சுக் குரலை மீறாத அளவில் ஆறு தந்தியையும் வெட்டி அடியுங்கள். ஒவ்வொரு தந்தியும் பிரிந்து கேட்கிறதா என்று பாருங்கள். ஹெட்போன் துளை இருந்தால் சோதனைக்குப் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு உதவும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டியதை மறக்காதவர்கள், யமஹா டிஎச்ஆர்10 போலப் பற்றரியிலும் ஓடுவதைத் தேடலாம். பெரிய அம்புக்கென்று ஒதுக்கிய காசில் மிச்சம் வரும். அதில் முதலில் வீட்டு எர்த்தைச் சோதிப்பியுங்கள், பிறகு புதுத் தந்தி வாங்குங்கள்.