பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் தளத்தைத் தட்டிப் பாருங்கள்

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15-இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை நீடிக்கும், 61 நாள். படகு கரையேறியதும் பெயின்ட் வாங்க ஓடாதீர்கள். ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து பைபர் தளம் முழுக்கத் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது. ‘பொத்’தென்றால் உள்பலகை விட்டுப்போயிருக்கிறது, சாக்பீஸால் வட்டம் போடுங்கள். சென்ற ஆண்டு நான் திறந்து பார்த்த ஒரு தளத்தில், உள்ளிருந்த பிளைவுட்டை ஊறிய தேங்காய் நாரைப் போல் கையால் பிழிய முடிந்தது. அடைக்காமல் விட்ட ஒரேயொரு போல்ட் துளைதான் காரணம்.

அழுகிய பிளைவுட்டுக்குப் பதில் பாலிப்ரொப்பிலீன் தேன்கூட்டுப் பலகை போடலாம். 20 மி.மீ. கனத்தில் ஒரு சதுர மீட்டர் பிளைவுட் சுமார் 12 கிலோ. தேன்கூட்டுப் பலகை 2 கிலோகூட வராது. அழுகவும் செய்யாது. ஆனால் வாங்கும்போது கண்ணை அகலத் திறந்துகொள்ளுங்கள். பாலிப்ரொப்பிலீனில் ரெசின் ஒட்டவே ஒட்டாது. இரு முகத்திலும் உருக்கி ஒட்டிய பாலியஸ்டர் துணியில்தான் பிடிப்பு முழுதும் இருக்கிறது. துணி இல்லாத பலகையையும், விளம்பரத் தட்டிக்குப் பயன்படும் பிளாஸ்டிக் அட்டையையும், கதவுக்குள் வைக்கும் காகிதத் தேன்கூட்டையும் விலை மலிவென்று வாங்காதீர்கள். கடைக்காரரிடம் கையகல மாதிரித் துண்டு கேளுங்கள். அதில் ஒரு பைபர் மேட்டை ரெசினால் ஒட்டி, மறுநாள் உரியுங்கள். துணி கிழிந்து வந்தால் சரக்கு சரி. பிளாஸ்டிக்கை விட்டுத் துணி முழுசாகக் கழன்று வந்தால் வேண்டாம்.

ஒட்டும் வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மே மாத நண்பகலில் கலந்த ரெசின் வாளியிலேயே கட்டிவிடும். வட்டமிட்ட இடத்தில் மேல்தோலை வெட்டி, அழுகிய பிளைவுட்டை எடுத்தபின், கீழ்த்தோலை கிரைண்டர் பிடித்து, நன்றாகக் காயவிட்டு, 450 கிராம் மேட்டை ரெசினில் நனைத்து விரியுங்கள். பலகையின் துணி முகத்தில் ரெசின் தடவி அதன்மேல் பதியுங்கள். துணியை மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், கைகூப்பிக் கேட்கிறேன். மேலே பாலிதீன் தாள் விரித்து மணல்மூட்டைகளைச் சீராக அடுக்குங்கள். மேல்தோல் மறுநாள்தான், அதுவும் ஒரு தடவைக்கு இரண்டு மேட்டுக்கு மேல் வேண்டாம். கனமாகப் போட்டால் ரெசினின் சூட்டில் பலகை இளகிவிடும். வெயிலுக்குப் பயந்து கேட்டலிஸ்ட்டை ஒரு கிலோவுக்கு 10 கிராமுக்குக் கீழே குறைக்காதீர்கள். ரெசின் முழுதாக இறுகாது. கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றாய் ஊற்றவே கூடாது, தீப்பிடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட்.

வின்ச், கட்டுக்கம்பம், இன்ஜின் மாட்டும் பின்பலகை ஆகிய இடங்களில் தேன்கூடு கூடாது. போல்ட்டை முடுக்கினால் நசுங்கும். அங்கே மரைன் பிளைவுட்டோ கெட்டியான பைபரோதான். வெட்டிய ஓரங்களையும் ரெசின் புட்டியால் அடைத்துவிடுங்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அங்கே தென்மேற்குப் பருவமழைக்குள் வேலை செய்தாக வேண்டும். பலகையை மழைக்கு முன்பே வாங்கி உலர்ந்த இடத்தில் படுக்கவையுங்கள். தார்ப்பாய்ப் பந்தல் போட்ட பிறகே தளத்தை வெட்டுங்கள்.